திடீரென்று குடியை விட்ட அப்பாவுக்கு நடுக்கம், பிதற்றல்

தம்பி, தினம் அரைப் போத்தல் சாராயம் குடித்த உங்கள் அப்பா மாலை போட்டதும் ஒரேயடியாக நிறுத்தி, மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊருது என்று கத்துகிறார் என்றால் அது பேய்க்கோளாறு இல்லை. பூசாரியைப் பிறகு பார்க்கலாம். இப்போதே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மது மூளையை அடக்கும். வருடக்கணக்கில் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்ளும். முன்பு கால் போத்தலில் ஏறிய போதைக்கு இப்போது அரைப் போத்தல் கேட்டது அதனால்தான். குடி நின்றாலும் அந்தக் கிளர்ச்சி உடனே இறங்காது. நடுக்கமும் வியர்வையும் 6 மணித்தியாலத்திலேயே தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் வரும். ஆள், இடம் தெரியாத பிதற்றல் 2 முதல் 4 நாளில். இந்தக் கடைசிக் கட்டம் உயிரையே எடுக்கும்.

கடைசியாகக் குடித்த நேரம், அளவு, கசிப்பும் (கள்ளச்சாராயம்) உண்டா என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மூளையின் கிளர்ச்சியை அடக்கும் டயசிபாம் மருந்து எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். தயமின் (விட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள்; குடிகாரர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதுவும் கசிப்போடு சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், தோட்ட லயத்துக்கு வண்டி ஏறாதென்றால் ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்துங்கள்.

வீடு திரும்பிய பிறகு குடியை விட்டிருக்க ஆலோசனைக்கு 1927 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.