முளைத்த நாற்றைக் கடிக்கும் உருண்டைப் பூச்சியை எப்படிச் சமாளிப்பது?

பீன்ஸும் வெள்ளரியும் முளைத்த இரண்டாம் நாளே தண்டு அரிபட்டுச் சாய்கிறது, மண்ணைக் கிளறினால் தொட்டதும் உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சிகள், எப்படி ஒழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், கடிப்பது அதுதானா என்று பாருங்கள். இரவு பத்து மணிவாக்கில் டார்ச் அடித்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நாலைந்து ஒட்டிக்கொண்டு தோலைச் சுரண்டுவது தெரியும். தண்டு அறுத்துப் போட்டதுபோல் கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. பளபளக்கும் கோழைத் தடம் இருந்தால் நத்தை.

ஒழிக்கவெல்லாம் வேண்டாம். இது உண்மையில் பூச்சியே அல்ல. நண்டு, இறால் கூட்டம், ஏழு ஜோடிக் கால். அழுகும் இலைதழைதான் பிரதான உணவு. செவுள் போன்ற உறுப்பால் மூச்சுவிடுவதால் ஈரமில்லாமல் பிழைக்காது. ஆகவே மருந்தைவிடத் தண்ணீர் ஊற்றும் நேரம்தான் முக்கியம். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க மேல்மண் சொதசொதவென்று இருக்கும், அதுகளுக்கு விருந்து. காலையில் ஊற்றுங்கள். மூடாக்கை, அதாவது மண்ணை மூடிப் பரப்பும் இலைதழை, வைக்கோலை, நாற்றிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். பாதி மட்கிய உரத்தை விதைக்குழியில் போடாதீர்கள்.

விதைத்த அன்றே, அடி வெட்டிய பேப்பர் கப்பை விதையைச் சுற்றி வேலிபோல் 2 செ.மீ. மண்ணுக்குள்ளும் 5 செ.மீ. வெளியிலும் இருக்கும்படி அழுத்திவிடுங்கள். செருகுமுன் உள்வட்டத்து மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு மாட்டிக்கொண்டால் வேலிபோட்டு விருந்து வைத்த கதைதான்.

எண்ணிக்கை அதிகமென்றால் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, குழித்து, மாலையில் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். வெயில் ஏறுமுன் எடுத்து, ஒட்டியிருப்பதை உரக்குழியில் தட்டிவிடுங்கள். நாலைந்து இரவு தொடர்ந்து செய்தால் வித்தியாசம் தெரியும். மறந்து மூன்று நாள் விட்டுவிட்டால் அதுவே அவற்றுக்கு வீடாகிவிடும்.

இலையில் அடிக்கும் வேப்பெண்ணெய், பகலில் மண்ணுக்கடியில் கிடப்பதை எட்டாது. டயட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மாவு போன்ற தூள்) தூவலாம், ஆனால் காய்ந்திருக்கும்வரைதான் வேலை செய்யும்; நனைந்தால் மறுபடி தூவணும்.

மூன்று நான்கு இலை விட்டுத் தண்டு விறைத்தபின் அவ்வளவாகத் தொடாது. அப்போது மூடாக்கைத் திரும்ப இழுத்துவிடலாம்.