புல்வெட்டும் வண்டி ஏன் உதறுகிறது?

கேள்வி: எங்கள் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி இருக்கிறது. பிளேடைச் சுழலவிட்டதும் அதை மூடியிருக்கும் டெக் கடகடவென்று அதிர்கிறது, கை மரத்துப்போகிறது. பெல்ட் மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகர், திருமங்கலம்

பதில்: பெல்ட்டுக்கு முன்னால் பிளேடைப் பார்த்திருக்கலாம். இன்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகே அடியில் கை வையுங்கள். இதில் அவசரமே கூடாது. உங்கள் பக்கம் கரிசல் மண்; ஈரத்தில் வெட்டினால் புல்லோடு சேர்ந்து அடை மாதிரி அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டுங்கள்.

அடுத்து, பிளேடின் ஒரு முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அரைச்சுற்றுத் திருப்பி, அதே இடத்தில் மறுமுனையையும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் பிளேடோ, அதைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறது. வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், உடைந்து தெறிக்கும். புதிதாக மாட்டுங்கள்.

வளைவு இல்லையா? சரி, பிளேடைக் கழற்றி, நடு ஓட்டையைச் சுவர் ஆணியில் மாட்டுங்கள். தாழ்கிற பக்கம் கனம். அந்த முனையை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, இரண்டும் சமமாக நிற்கும்வரை பாருங்கள். போன மாதம் ஒத்தக்கடையில் நான் பார்த்த வண்டியில் ஒரு முனைக்கு மட்டும் சாணை பிடித்திருந்தார்கள். அவ்வளவு உதறலும் அதனால்தான்.

அப்புறமும் அதிர்ந்தால் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்.