சர்வர் ரூமுக்கு எந்த கேஸ்? அதுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க

கேள்வி: சார், ஒரு ஆஸ்பத்திரியில ஐடி பாத்துக்கறேன். சர்வர் ரூம் 6 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர், கீழ கேபிள் போக தூக்கிப் போட்ட ரைஸ்டு ஃப்ளோருக்கு அடியில ஒரு அடி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ரெண்டு அடி இருக்கு. தீப்பிடிச்சா அணைக்கற கேஸ் சிஸ்டத்துக்கு மூணு கொட்டேஷன் வந்திருக்கு, எஃப்எம் 200, நோவெக், சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு). சிஓ2தான் ரேட் கம்மி. எதைப் போடலாம்?

தம்பி, முதல்ல அந்த சிஓ2 கொட்டேஷனை எடுத்து ஓரமா வைங்க. ரூம் முழுக்க நிரப்பி தீயை அணைக்க குறைஞ்சது 34 சதவீதம் சிஓ2 வேணும், அதுக்குள்ள ஒரு ஆள் மாட்டினா அப்பவே மயங்கி விழுந்துருவார், உயிர் போயிரும். நைட்டு ஷிப்ட்ல பையன் உள்ள போய் வர்ற ரூமுக்கு எவ்வளவு மலிவா கிடைச்சாலும் அது வேண்டவே வேண்டாம்.

மத்த ரெண்டும் நல்ல கேஸ்தான். எஃப்எம் 200 சர்வர் ரூமுக்கு 7 சதவீதம் கணக்குல போடுவாங்க, மனுஷனுக்கு 9 வரைக்கும் பாதிப்பு தெரியல, அதனால கொஞ்சம்தான் இடைவெளி. நோவெக் சுமார் 4.5லேயே வேலையை முடிச்சிரும், பாதுகாப்பு வரம்பு 10, இந்த விஷயத்துல எனக்கு நோவெக்தான் பிடிக்கும். எஃப்எம் 200 வெளிய போனா சிஓ2வை விட 3,000 மடங்குக்கு மேல பூமியை சூடாக்கும், இந்த மாதிரி கேஸைக் குறைக்க நாடுகள் போட்ட கிகாலி ஒப்பந்தத்துல குறைக்க வேண்டிய லிஸ்ட்ல இருக்கு, அதனால பத்து வருஷம் கழிச்சு ரீஃபில் என்ன விலைக்கு கிடைக்கும்னு யோசிச்சுக்கோங்க. நோவெக் பேர்ல வித்த 3எம் கம்பெனி 2025 முடிவோட அந்த வகை கெமிக்கலை நிறுத்துறதா 2022லயே சொல்லிட்டாங்க, ஆனா அதே கெமிக்கலை எஃப்கே-5-1-12ங்கிற பேர்ல வேற ஆளுங்க தயாரிக்கறாங்க. வெண்டர் எந்த மேக் தர்றார், அந்த சிலிண்டரும் நாசிலும் (கேஸ் பீச்சற முனை) சேர்ந்து லிஸ்டிங், அதாவது டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட், வாங்கினதான்னு எழுத்துல கேளுங்க.

இப்ப கணக்குக்கு வாங்க. உங்க ரூம் 90 கன மீட்டர், ஃப்ளோருக்கு அடியில சுமார் 9, சீலிங்குக்கு மேல 18, ஆக மொத்தம் 117. எஃப்எம் 200ன்னா 20 டிகிரியில 7 சதவீதத்துக்கு கன மீட்டருக்கு 0.55 கிலோ வாக்குல வரும், அதாவது 64 கிலோ. கொட்டேஷன்ல 50 கிலோன்னு இருந்தா அவர் வெறும் 90க்குத்தான் கணக்கு போட்டிருக்கார்னு அர்த்தம். கேஸ் அடிக்கிற வேகத்துல சீலிங் டைல் தூக்கி, மேலயும் கீழயும் பரவிட்டா உங்களுக்கு கிடைக்கிறது 5.5 சதவீதம்தான், அதை நம்பி ரூமை விட முடியாது. மூணு இடத்துலயும் நாசில் வேணும். ஏசி ரூம் எவ்வளவு குளிரா இருக்கும்னும் சொல்லிடுங்க, குளிர் கூடக்கூட கேஸ் கிலோவும் கூடும்.

சரி, கேஸ் 10 செகண்டுல அடிச்சு முடிஞ்சிருது, அப்புறம் குறைஞ்சது 10 நிமிஷம் ரூமுக்குள்ளயே நிக்கணும், இல்லன்னா சூடா இருக்கிற கேபிள் திரும்ப பத்திக்கும். பாதிப் பேர் கோட்டை விடறது இங்கதான், கேஸ் கலந்த காத்து கனமா இருக்கறதால கீழ இருக்கிற ஓட்டை வழியா வழிஞ்சு போயிரும், மேல வெறும் காத்து வந்து உக்காந்துக்கும், சர்வர் அடுக்கின ராக்கோட தலைப்பக்கம்தான் முதல்ல கேஸ் இல்லாம நிக்கும். ஒரு தடவை ஒரு ஆபீஸ்ல கேஸ் தெரியாம அடிச்சிராம இருக்க பேனலை ஐசோலேட் பண்ணிட்டு, ஓட்டை கண்டுபிடிக்கற டோர் ஃபேனைக் கதவுல மாட்டி ரூமுக்குள்ள காத்தை ஏத்திட்டு, நான் ஊதுபத்தியைக் கொளுத்தி சுவரோரமா நடந்தேன். மூணாவது ராக்குக்குப் பின்னாடி வந்ததும் புகை நூல் மாதிரி நேரா சுவத்துக்குள்ள போச்சு. குனிஞ்சு பாத்தா கை நுழையற அளவு ஓட்டை, புது ஃபைபர் இழுத்த ஆள் அடைக்காம போயிருக்கார். சிஸ்டம் போட்டு நாலு வருஷம், அன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனால டோர் ஃபேன் டெஸ்ட்டை ஆர்டர்லயே சேத்துடுங்க, புதுசா கேபிள் இழுத்தா ஓட்டையை ஃபயர் சீலன்ட் வெச்சு அடைச்சிட்டு திரும்ப டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

ரூமை இறுக்கமா அடைச்சா இன்னொரு பக்கம் பிரஷர் ஏறும், அதுக்கு ரிலீஃப் வென்ட் வேணுமான்னு வெண்டர் கணக்கு காட்டணும். வெளியில இருந்து வர்ற ஏசி டக்ட்ல டேம்பர் (காத்தை மறிக்கற தகடு) இருக்கணும், அது கேஸ் அடிக்கறதுக்கு முன்னாடி தானா மூடணும். டிடெக்டர் ரெண்டு ஜோன், ரெண்டும் புகையைக் கண்டாத்தான் கேஸ், நடுவுல ஆள் வெளிய வர 30 செகண்ட் ஹூட்டர், கதவு பக்கத்துல கேஸ் அடிக்கறதை நிறுத்திவைக்க அபார்ட் ஸ்விட்ச், இதெல்லாம் எல்லாரும் குடுப்பாங்க. ஹார்ட் டிஸ்க் நிறைய இருந்தா நாசில் சத்தத்தையும் கேளுங்க, 2016ல புகாரெஸ்ட்ல ஒரு பேங்க் டேட்டா சென்டர்ல டெஸ்ட்டுக்கு அடிச்ச கேஸ் சத்தத்துலயே டிஸ்க் கெட்டுப்போய் சர்வீஸ் நின்னு போச்சு.

கடைசியா ஒன்னு, யூபிஎஸ் பேட்டரி லித்தியம்னா அதை இந்த ரூமுக்குள்ள வைக்காதீங்க. செல் உள்ள சூடேறி ஒன்னை ஒன்னு பத்த வைக்க ஆரம்பிச்சா எஃப்எம் 200ஓ நோவெக்கோ அதை நிறுத்தாது. தனி ரூம் பாத்துட்டு, அதுக்கு என்ன போடறதுன்னு தனியா கேளுங்க.