இரசாயனவியல் படிப்பதற்காகக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வடமராட்சியில் வசிக்கிறோம். மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்புகிறாள். இலண்டனில் இருக்கும் என் தம்பியோ, இங்கே அதைப் படித்தால் வேலை கிடைக்காது, காணியை ஈடு வைத்தாவது பட்டப்படிப்புக்கு அங்கே அனுப்புங்கள் என்கிறார். வங்கியில் 22 இலட்சம் ரூபா நிலையான வைப்பும் 20 பவுண் நகையும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் தம்பியின் அக்கறையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தத் துறையில் குடும்பத்தின் பணம் உண்மையில் தேவைப்படுவது பட்டம் முடிந்த பின்வரும் ஓராண்டிலேயே. ஆகவே காணியை ஈடு வைக்க வேண்டாம்; மகள் திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கே படிக்கப் போகட்டும்.

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தற் கட்டணம் இல்லை. தகுதியிருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். பிரித்தானியாவிலோ வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணத்தை ஆண்டுதோறும் அந்நாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டும்; உங்கள் சேமிப்பு ரூபாவில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியபோது, பிள்ளைகளை வெளிநாட்டில் பாதிப் படிப்பில் வைத்திருந்த பெற்றோர் பட்ட பாட்டை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்பதும் அவ்வளவு எளிதன்று. தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமே அங்கு அனுமதி.

வேலை இல்லை என்பது பாதி உண்மை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தில் இப்பேச்சு எழுந்திராது. போர் அவற்றை நிறுத்திவிட்டது. இன்று வடக்கில் ஆசிரியப் பணி, பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள், நீர்ப் பரிசோதனை போன்ற சிலவே உள்ளன. (சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்று நீரை நம்பி, அதே நிலத்துக்கு உரமும் போடும் நமக்கு, உரத்திலிருந்து நீரில் கசியும் நைத்திரேற்றை அளக்கத் தெரிந்தவர்கள் இன்னும் பலர் வேண்டும் என்பது என் சொந்த ஆதங்கம்.) தெற்கில் நிலைமை வேறு. மருந்து, உணவு, வண்ணப்பூச்சு, இறப்பர், துணிச்சாயம் ஆகிய ஒவ்வொன்றின் தரக்கட்டுப்பாட்டுக்கும் இரசாயனவியலாளர் தேவைப்படுகின்றனர். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் இத்துறைப் பட்டதாரிகளுக்குரிய இடங்களே. எனவே மகள் சில ஆண்டுகள் ஊரைவிட்டு இருக்க நேரலாம் என்பதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கனவையும் கைவிட வேண்டியதில்லை. அதன் வாசல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தை நல்ல வகுப்பில் முடித்தவர்களை முதுமாணி இன்றியே இரசாயனவியல் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. கற்பித்தல் உதவியாளராகப் பணிபுரிவதற்கு ஈடாகக் கட்டணத்தை விலக்கி, மாதப்படியும் தருகின்றன. மருத்துவத்துக்கோ சட்டத்துக்கோ இந்த வாய்ப்பு பொதுவாக இல்லை. ஆனால் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிட்டால் இவ்வாசல் மிகவும் குறுகும். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது தொடக்க ஆண்டுப் பெறுபேறுகளைப் பொறுத்தது என்பதால், முதல் தவணையிலிருந்தே செயன்முறை வகுப்புகளை மகள் அலட்சியம் செய்யக் கூடாது.

இனிப் பணத்துக்கு வருவோம். வைப்பை ஒரே தொகையாக வைக்காமல் மூன்றாகப் பிரித்து, பெரிய பகுதி மகளின் இறுதியாண்டு முடிவில் முதிரும்படி அமையுங்கள். வட்டியில் வங்கி கழிக்கும் 10 வீத வரி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்; ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நகையை அடகுக் கடைக்கு அனுப்பாமல் அப்படியே விடுங்கள். பரீட்சை முடிந்து முதல் சம்பளம் வரும்வரையான மாதங்களில் கொழும்பில் அறை முற்பணம், ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை, விண்ணப்பக் கட்டணங்கள், விமானச் சீட்டு, அமெரிக்காவுக்குப் போய் முதல் மாதப்படி கைக்கு வரும்வரை சாப்பாடு என்று செலவுகள் வரிசையாக வரும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான். உதவ விரும்பும் தம்பியிடம், அந்த ஆண்டில் விமானச் சீட்டையும் முதல் மாத வாடகையையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.