பெங்களூரு ஃபிளாட் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி. வீட்டில் கைக்குழந்தை. ஸ்பிரே அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஸ்பிரே பட்டதும் அது சாகாது. தலைதெறிக்க ஓடித் தொட்டிலிலேயேகூட விழலாம். சுவரிலும் தரையிலும் படிகிற மருந்துதான் தவழும் குழந்தைக்குக் கெடுதல்.

தட்டையான பழுப்பு உடம்பு, நண்டுபோல் பக்கவாட்டில் மடங்கிய கால்கள், வலை கிடையாது, இப்படித்தான் இருக்கிறதா? அப்படியானால் அது வேட்டைச் சிலந்தி; அறிவியல் பெயர் ஹெட்டிரோபோடா வெனடோரியா. முகத்தில் கண்களுக்குக் கீழே வெளிர்மஞ்சள் பட்டை இருக்கிறதா பாருங்கள். காலை விரித்தால் 10 சென்டிமீட்டர் வரும். உடம்பு 2, 2.5தான். பகலில் காலண்டருக்குப் பின்னால், பரணில் ஒண்டிக்கொண்டு, ராத்திரியில் கரப்பான் பிடிக்கும். கையில் நசுங்கினால் கடிக்கும். வலியும் வீக்கமும் வரும், தானே அடங்கிவிடும்.

சிலந்தி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மழைக்குப் பிறகு டியூப்லைட்டுக்கு வரும், எறும்பு மாதிரியான, ஆரஞ்சும் கறுப்புமான குட்டி வண்டு தோலில் நசுங்கினால்தான் மறுநாள் அப்படிக் கொப்பளிக்கும்.

கண்முன்னால் இருப்பது பிடிக்கவில்லையென்றால் வெளியே விடுங்கள். 15 சென்டிமீட்டராவது வாயகலமுள்ள பிளாஸ்டிக் டப்பா, ஒரு காலண்டர் அட்டை போதும். டம்ளர் வேண்டாம்: விளிம்பில் கால் சிக்கும், சிக்கிய காலைக் கழற்றிவிட்டு ஓடும், அடுத்து தோல் உரிக்கும்வரை அந்தக் கால் முளைக்காது. ஃபேனை நிறுத்துங்கள். கால் மயிர்கள் காற்றசைவை உடனே உணரும், அதனால் டப்பாவை வீசிக் கவிழ்க்காமல் மெதுவாகக் கொண்டுபோய், கடைசி ஒரு சாண் தூரத்தை மட்டும் சட்டென்று மூடுங்கள். அட்டையை ஒரு ஓரத்திலிருந்து நுழைத்தால் அதுவே காலைத் தூக்கி ஏறிக்கொள்ளும். இருட்டியபின் காம்பவுண்டு மரத்தடியில் டப்பாவைச் சாய்த்து வையுங்கள், உதறாதீர்கள்.

வயிற்றுக்கடியில் ஐந்து ரூபாய் நாணயம்போல் வெளுப்பாக வட்டமாக எதையாவது பிடித்திருந்தால் அது முட்டைப் பை. அப்போது நசுங்காமலேயே தாய் எதிர்த்துக் கடிக்கக்கூடும். நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வரும். அதையும் டப்பாவோடு வெளியே விடுவதுதான் நல்லது, துடைப்பத்தால் அடித்தால் பை கிழியும்.

யுடிலிட்டி கதவின் கீழ் இடுக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். பரணில் இன்னொன்று செத்துக் கிடப்பதுபோல் தெரிந்தால், முதுகு ஓடு மூடிபோல் திறந்திருக்கிறதா பாருங்கள். திறந்திருந்தால் அது உரித்துப்போட்ட வெறும் தோல்.