உருளையில் ஜெயித்த சுண்டெலி

அன்புள்ள ஐயா,

எம்இசிபி2 மரபணு இரட்டித்துப்போன சுண்டெலிகள், சுழலும் உருளையில் ஓடும் சோதனையில் சாதாரண எலிகளை மிஞ்சிவிட்டன என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். நான் பிசியோதெரபிஸ்ட். இதே மரபணு இரட்டித்த பையன்கள் நடை பழகவே சிரமப்படுவார்கள். பையன் தடுமாறுகிறான், எலி ஜெயிக்கிறது என்றால், அந்த எலியை வைத்து இந்த நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எலி எத்தனை வார எலி என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் உருளையைப் பற்றிக் கொஞ்சம்.

நிமிடத்துக்கு 4 சுற்றில் தொடங்கும் உருளை, 5 நிமிடத்தில் 40 சுற்றுக்கு வேகமெடுக்கும். எலி எத்தனை வினாடி தாக்குப்பிடித்தது என்று குறித்துக்கொள்வார்கள். ஒரே நாளில் பலமுறை, அப்புறம் அடுத்தடுத்த நாட்களிலும் ஏற்றுவார்கள். முதல் தடவை கிடைக்கும் வினாடிகள் பெரும்பாலும் எலியின் தசைபலத்தையும் சமநிலையையும் காட்டுகின்றன. நாளுக்கு நாள் அது எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கற்றல். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும் செய்திகளை நான் நம்புவதில்லை. எடை கூடிய எலி சீக்கிரம் விழும். சில கெட்டிக்கார எலிகள் ஓடாமல் உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே சுற்றும். அதை ஓட்டக் கணக்கில் சேர்த்தால் சோதனையே கெட்டுப்போகும்.

இந்த எலிகள் ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில், ஹூடா ஸோக்பியின் ஆய்வகத்தில் உருவானவை. எம்இசிபி2 பழுதானால் பெண் குழந்தைகளுக்கு ரெட் நோய்க்குறி (பேச்சும் கைத்திறனும் பறிபோகும் மூளை வளர்ச்சிக் கோளாறு) வருகிறது என்று 1999-இல் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். சரி, இந்த மரபணு உண்டாக்கும் புரதம் குறைந்தால் கேடு, கூடினால்? ஏறத்தாழ இருமடங்கு புரதம் சுரக்கும் எலிகளை உண்டாக்கிப் பார்த்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 10 வார வயதில் அவை உருளையில் மற்ற எலிகளைவிட நன்றாகக் கற்றன. நினைவாற்றல் சோதனையிலும் அப்படியே. 20 வாரம் தாண்டியதும் வலிப்பு வந்தது, நடமாட்டம் குறைந்தது. ஒரு வயதுக்குள் ஏறக்குறைய 30 சதவீதம் செத்துவிட்டன. அடுத்த ஆண்டே, இந்த மரபணு இரட்டித்த ஆண் குழந்தைகளைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது.

ஆகவே நீங்கள் படித்த வெற்றி 10 வார எலியின் வெற்றி. ஆனாலும் உங்கள் சந்தேகம் முழுக்கத் தீராது. பையன்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தசை தளர்ந்திருக்கிறது. பின்னால்தான் இறுக்கமும் வலிப்பும் வருகின்றன. எலியிடம் அந்தத் தொடக்கத் தளர்ச்சியைத் தேடினால் ஏமாற்றம்தான். நோயின் பிற்பகுதிக்கு அது ஓரளவு நல்ல மாதிரி, முற்பகுதிக்கு இல்லை என்பது என் கணிப்பு.

அந்த இளவயது வெற்றியை வெறும் விசித்திரம் என்று ஒதுக்கவும் முடியாது. புதிய அசைவைக் கற்கும்போது, மூளையின் இயக்கப் புறணியில் நரம்பணுக் கிளைகளின் மேல் நுண்ணிய முட்கள் முளைக்கும்; ஒரு நரம்பணு இன்னொன்றோடு இணையும் இடங்கள் இவை. அவற்றில் பல சில நாளில் மறைந்துவிடும், சில நிலைக்கும். பிற்பாடு பேய்லரிலேயே, உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தார்கள். இரட்டித்த எலிகளில், உருளைப் பயிற்சியின்போது முளைத்த முட்கள் அளவுக்கு மீறி நிலைத்துவிட்டன, அதுவும் கொத்துக் கொத்தாக. கற்றதைச் சலித்துக் கழிக்கும் வேலை அங்கே சரியாக நடக்கவில்லை. அந்தப் பையன்கள் ஒரே கையசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஊகம் மட்டுமே, உங்கள் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

எலியின் உண்மையான பயன் இன்னொரு இடத்தில் தெரிந்தது. 2015-இல் அதே ஆய்வகம், அந்தக் கூடுதல் புரதத்தைக் குறைக்கும், செயற்கையாகச் செய்த டிஎன்ஏ போன்ற சிறு துண்டுகளை, வளர்ந்து நோயும் முற்றிய எலிகளின் மூளைக்குள் செலுத்தியது. வலிப்பு நின்றது, நடத்தையும் சீரானது. நோய் முற்றிய பிறகும் திருப்ப முடியும் என்று தெரிந்தது அந்த எலியால்தான். பையன்களுக்கு இதைச் செய்யும்போது பெரிய சிக்கல் அளவு: புரதத்தைத் தேவைக்கு மேல் குறைத்தால் மறுபக்கம் ரெட் நோய்க்குறி காத்திருக்கிறது.