குதிகால் ரத்தம் முதல் அம்மோனியா வரை: பச்சிளங்குழந்தைப் பரிசோதனைகள் பற்றிய கேள்வி பதில்

குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஏதோ அதிகமாம், மறுபடியும் வரச் சொல்கிறார்கள். என் குழந்தைக்கு நோய் உறுதியா?

இல்லை அம்மா. முதலில் செய்தது, உணவை உடல் பயன்படுத்தும் விதத்தில் பிறவியிலேயே வரும் கோளாறுகளைத் தேடும் சலித்தெடுக்கும் சோதனைதான், நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல. குறைமாதத்தில் பிறந்தாலோ, நரம்பு வழியாகச் சத்து ஏற்றினாலோகூட அளவு கூடும். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள், இன்றே போங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பிறந்த உடனே ஏன் எடுப்பதில்லை?

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையிடம் தேங்க வேண்டியதை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடல் வாங்கிக்கொள்கிறது. பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் பாலின் புரதத்திலிருந்து வரும் ஃபினைல்அலனின் போன்றவை ஏறும். அதனால் பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுக்கிறோம். 1960களில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர், தாளில் உலர்த்திய ரத்தத்தில் ஃபினைல்கீட்டோன்யூரியா (ஃபினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாத நோய்) என்ற ஒரே நோயைத்தான் தேடத் தொடங்கினார். இன்று பல பொருள்களை ஒரே நேரத்தில் அளக்கும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அதே தாளிலிருந்து பல கோளாறுகளைப் பார்க்கிறோம்.

ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த கேலக்டோசீமியா நொதிச் சோதனை நார்மல். நம்பலாமா?

வேண்டாம். பால் சர்க்கரையிலிருந்து வரும் கேலக்டோஸை உடல் பயன்படுத்த உதவும் அந்த நொதி (கேலக்டோசீமியாவில் குறைவது இதுதான்) சிவப்பணுவில் இருக்கிறது. நீங்கள் பார்த்தது ரத்தம் கொடுத்தவருடைய நொதியாக இருக்கலாம். மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் செவிலியர். அம்மோனியா அதிகம் என்று வந்த பிறகும் லேப் மறுபடி சாம்பிள் கேட்கிறது. ஏன்?

சிஸ்டர், எங்களை அதிகம் அலைக்கழிக்கும் சோதனை இதுதான். கையை இறுக்கிக் கட்டி எடுத்தாலோ, ரத்தம் சிதைந்தாலோ, குழாய் மேசையில் கிடந்தாலோ, புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சான அம்மோனியா தானே ஏறிவிடும். கட்டு இல்லாமல், தடையின்றி ஓடும் ரத்தமாக எடுங்கள். ஐஸில் வைத்து, எடுத்த நேரத்தை எழுதி, யாராவது கையோடு கொண்டுவரட்டும். வந்ததும் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, பிரித்துவிடுவோம். அதேசமயம், 'சாம்பிள் கோளாறுதான்' என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. உண்மையிலேயே உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் மூளையைப் பாதிக்கும். மறு சாம்பிள் போகும்போதே மருத்துவரையும் கூப்பிடுங்கள்.

முதல் குழந்தை ஐந்தாம் நாளில் போய்விட்டது, காரணம் தெரியவில்லை. இப்போது மீண்டும் கர்ப்பம்.

மனது கனக்கிறது, அம்மா. அந்தக் குழந்தையின் ரத்தத் தாள் எங்காவது பத்திரமாக இருக்கிறதா என்று விசாரியுங்கள், அதிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியும். இவற்றில் பெரும்பாலான கோளாறுகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. இப்போதே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள், எந்தச் சோதனையை எப்போது எடுப்பது என்று அவர் எழுதிவைத்துக்கொள்ளட்டும்.